கஞ்சியில் கரைத்த குருணை

மதுரை
6 ஜனவரி 2026

ரேணுகா அக்காவுக்கு,

மச்சானின் பரிசோதனை முடிவு நேற்று மாலை வந்துவிட்டது. டாக்டர் ஹேமாவதி என்னை எதிரில் உட்காரவைத்துப் படித்துக் காட்டினார். மச்சான் சாப்பிடும் எண்ணெயும் நெய்யும் உடம்பில் சேராமல் மலத்தோடு அப்படியே வெளியேறுகின்றன. போன ஜூலையில், கேப்சூல் தொடங்குவதற்கு முன்னால் என்ன அளவு இருந்ததோ அதே அளவு. நவம்பரில் அது பாதிக்கும் கீழே வந்திருந்தது. எடையும் அதையே சொல்கிறது. நவம்பரில் ஐம்பத்து மூன்று கிலோ இருந்தவர், போன வாரம் நீ அழைத்து வந்தபோது நாற்பத்தேழு.

அன்றைக்கு நான் ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையில்தான் நின்றேன். என் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று அவர் சொன்ன பிறகு, உள்ளே வந்து இன்னொரு சண்டை வேண்டாம் என்று தோன்றியது. ஆட்டோவிலிருந்து இறங்கும்போது பச்சை வேட்டி நழுவாமல் இருக்க பெல்ட்டைக் கடைசி ஓட்டையையும் தாண்டி இழுத்துக் கட்டியிருந்தார். கழுத்தில் மாலை. தூரத்திலிருந்து பார்த்தபோது வேறு யாரோ என்று நினைத்தேன்.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சோறு வயிற்றுக்குள் போவதால் மட்டும் உடம்பில் ஒட்டாது. அதை அறுத்துச் சிறு துண்டுகளாக்க வேண்டும். அதைச் செய்வது நொதிகள், பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். சோற்றுக்கு ஒன்று, அதில் கொஞ்சம் எச்சிலிலேயே இருக்கிறது. பருப்புக்கும் முட்டைக்கும் வேறு. எண்ணெய்க்கு வேறு. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. பெரும்பகுதியைக் கணையம்தான் சுரந்து சிறுகுடலுக்கு அனுப்புகிறது. மச்சானின் கணையம் கல் அடைத்துக் காய்ந்துவிட்டது. அதற்குப் பதிலாக வெளியிலிருந்து போகும் நொதிதான் அந்தக் கேப்சூலில் இருக்கும் குருணை. அது போகாவிட்டால், நீ எவ்வளவு பரிமாறினாலும் அவர் பட்டினி கிடப்பதற்குச் சமம்.

கேட்கவேண்டியது ஒன்றுதான். முதல் கவளத்தோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் ஒன்று என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மச்சான் விழுங்குவதை நீ கண்ணால் பார்க்கிறாயா?

சேவுகப்பெருமாள்


கீழச்சிவல்பட்டி
9 ஜனவரி

சேவுகு,

உன் கடிதம் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. இனிமேலும் சத்துணவுக்கூடம் என்று போட்டே எழுது. வீட்டுக்கு வந்தால் தபால்காரர் அவர் கையில்தான் கொடுப்பார். போனும் வேண்டாம். வீட்டில் இருப்பது ஒரு போன், அதில் உன் நம்பரை அவர் அடைத்துவைத்திருக்கிறார்.

தூரத்தில் நின்று பார்த்தேன் என்கிறாய். அந்தப் புத்தி மார்கழி ஒன்றாம் தேதி எங்கே போயிற்று? குன்றக்குடியில் மாலை போட்டுவிட்டு வந்து எல்லோரும் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். நீ எடுத்ததுமே, "இந்த உடம்ப வச்சுக்கிட்டு பழனிக்கு நடக்கப் போறீகளா மச்சான்?" என்றாய். அவர் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். பேச்சை மாற்றத்தான், "எல்லாந் தெரிஞ்ச பேப்பர்க்காரராச்சே, நான் திங்கிற மாத்திரய எதுல செய்யிறாகன்னு சொல்லும் பாப்போம்" என்று கேட்டார். நீ சாம்பாரை ஊற்றிக்கொண்டே, "பன்னியோட கணையத்துல மச்சான்" என்றாய். மாலை போட்ட கழுத்தில் சந்தனம்கூடக் காயவில்லை. அவரோடு மாலை போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருது கடிக்கப் போன அப்பளத்தை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் உன்னால் ஒரு நாள் இருக்க முடியாதா? பொய் சொல்லச் சொல்லவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

இப்போது கேள். நாலு நாளைக்கு முன்னால் காலையில் தண்ணீர் பாய்ச்சப் போனவர் திரும்பவில்லை. மருது போய்ப் பார்த்தால் மோட்டார் ரூம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். சட்டை முழுக்க வேர்வை. மார்கழிக் குளிரில் வேர்வை. தோளில் தாங்கிக்கொண்டு வந்தான். "என்னயப் பாத்து 'நீரு எந்த ஊரு?'ங்குறாக அக்கா," என்றான். சீனியைக் கரைத்து ஊற்றிய பிறகுதான் என்னை அடையாளம் தெரிந்தது.

யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். நாச்சியாபுரத்தில் ஒருவரிடம் போய்க் குறி கேட்கலாம் என்று நாத்தனார் சொல்கிறாள். எனக்கு வேறு பயம். அதை எழுத வரவில்லை.

மாத்திரையைக் கேட்டிருந்தாய். டப்பா மாதத்துக்கு மாதம் தீர்கிறது. நான்தான் காரைக்குடிக்குப் போய் வாங்கி வருகிறேன். போதுமா?

ரேணுகா


மதுரை
12 ஜனவரி

அக்கா,

போதாது.

டப்பா தீர்கிறது என்பது ஒரு தகவல். அவர் விழுங்குகிறார் என்பது வேறொரு தகவல். நீ முதலாவதை மட்டும் எழுதியிருக்கிறாய். குருணை குடலுக்குள் போய் வேலை செய்திருந்தால் அந்த முடிவு வந்திருக்காது. டாக்டரிடம் மறுபடி கேட்டேன். பரிசோதனையில் தவறு நடந்திருக்க இடமில்லை என்கிறார்.

பந்தியில் நடந்தது பற்றி நீ எழுதியது சரி.

மோட்டார் ரூமில் நடந்ததற்குக் காரணம் தெரிந்துவிட்டது, அது எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. அவருடைய கணையம் இன்சுலினும் சரியாகச் சுரப்பதில்லை. அதற்காகத்தான் ஊசி. ஊசியின் அளவு, அவர் சாப்பிடுவது செரித்து ரத்தத்தில் சேரும் என்ற கணக்கில் வைத்தது. சேராத நாளில் ஊசி மட்டும் அதன் வேலையைச் செய்யும். ரத்தத்தில் இருக்கும் கொஞ்ச சர்க்கரையும் இறங்கிவிடும். முதலில் வேர்வை, பிறகு ஆள் தெரியாத பேச்சு, பிறகு மயக்கம். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் உயிர் போய்விடும். அன்றைக்கு மருது போகாமல் இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன். மேலே நினைக்க முடியவில்லை.

தை பதினொன்றில் நடக்கத் தொடங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நத்தம் தாண்டி ஆள் நடமாட்டம் குறைந்த சாலை.

டப்பாவிலிருந்து வெளியே போகும் மாத்திரை எங்கே போகிறது?

சேவுகப்பெருமாள்


கீழச்சிவல்பட்டி
15 ஜனவரி, பொங்கல்

சேவுகு,

எல்லோரும் மாட்டுக்குக் கயிறு வாங்கப் போயிருக்கிறார்கள். பள்ளிக்கூடச் சாவி என்னிடம் இருப்பதால் இங்கே வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் பேசியிருந்தால் அன்றைக்கே என்னிடமிருந்து கறந்திருப்பாய். அதனால்தான் எழுதச் சொன்னேன்.

பந்தியில் நீ சொன்ன மறுநிமிஷத்திலிருந்து அவர் மாத்திரையைத் தொடவில்லை. "பூசம் முடியட்டும். அதுவரைக்கும் அது இந்த வீட்டுக்குள்ளயே இருக்கப்படாது" என்றார். நான் டப்பாவை எடுத்துப் பள்ளிக்கூடத்தில் வைத்தேன். ஒரு வாரம் போனது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகும் பசிக்கிறது என்று பானையைத் திறந்து பார்ப்பவரை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது?

நான் கலந்து கொடுத்தேன்.

வேளைக்கு இரண்டைப் பிரித்து, உள்ளே இருந்த குருணையைக் கஞ்சியில் போட்டேன். காலையில் கஞ்சி, மத்தியானம் ரசத்தில், ராத்திரி மறுபடி கஞ்சி. பல்லில் தட்டுப்பட்டால் தெரிந்துவிடும் என்று அடுப்பிலேயே வைத்துக் கரையும்வரை கொதிக்கவிட்டேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. சொன்னால் சிரிக்காதே. மாலை போட்டவர் வயிற்றுக்குள் போகிற பொருள். நன்றாகக் கொதித்தால் அதில் இருக்கிற பன்றித் தீட்டு போய்விடும், மருந்து மட்டும் மிஞ்சும் என்று நினைத்தேன். தளதளவென்று கொதிக்கும்போது முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே கிண்டினேன்.

அவர் குடித்துவிட்டு, "இன்னைக்குக் கஞ்சி நல்லாருக்கே" என்பார். நான் கும்பாவை வாங்கிக் கழுவப் போய்விடுவேன்.

மருந்து உள்ளே போகிறது. ஆனாலும் உருகிக்கொண்டே வருகிறார். அப்படியென்றால் என்ன அர்த்தம்? விரதம் இருப்பவருக்குத் தெரியாமல் பன்றியை ஊட்டினேன், சாமி அவரை எடுத்துக்கொள்ளப் போகிறது. தப்புச் செய்தவள் நான், குத்தம் அவர் உடம்பில் ஏறுகிறது. மோட்டார் ரூமில் என்னைத் தெரியாமல் பார்த்தாரே, அது அவர் பார்வையே இல்லை சேவுகு. அதிலிருந்து நான் பூஜை அறைக்குள் போகவில்லை. நிறுத்தலாமா என்றால் மருந்து இல்லாமல் செத்துவிடுவார். கொடுக்கலாமா என்றால் கொடுத்ததால் சாகிறார். இதை உன்னிடமும் சொல்லாவிட்டால் நான் என்ன செய்வேன்?

ரேணுகா


மதுரை
17 ஜனவரி

அக்கா,

கடிதம் இன்று காலை கிடைத்தது. உடனே டாக்டரைப் போய்ப் பார்த்தேன். நீ செய்ததை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. "கொதிக்க வச்சாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

நீ தினமும் பிள்ளைகளுக்கு முட்டை அவிக்கிறாய். பச்சை முட்டையில் வெள்ளைக்கரு ஒழுகும். அவித்தால் கட்டியாகிவிடும். ஆறவைத்தாலும் பழையபடி ஒழுகாது. நொதியும் முட்டையைப் போலப் புரதம்தான். அதற்கு ஒரு வடிவம் உண்டு. அந்த வடிவம் இருந்தால்தான் சோற்றையும் எண்ணெயையும் பிடித்து அறுக்க முடியும். கொதித்தால் வடிவம் குலைந்துவிடும். அதோடு, ஒவ்வொரு குருணைக்கும் மேலே ஒரு பூச்சு இருக்கிறது. வயிற்றின் புளிப்பில் அழியாமல் சிறுகுடல்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக. நீ கரையும்வரை கிண்டியபோது அந்தப் பூச்சும் போய்விட்டது.

அதனால் உறுதியாகத் தெரிவது இது: இந்த நான்கு வாரமும் அவருக்கு மருந்து போகவே இல்லை. அவர் உருகுவதற்குக் காரணம் அதுதான். மருந்து கொடுத்தும் உருகுகிறார் என்று நீ நினைத்ததால்தான் சாமி குத்தம் என்று வந்து நின்றாய். மருந்து இல்லாததால் உருகுகிறார். நீ பூஜை அறைக்குள் போகலாம்.

தீட்டு போயிற்றா என்று என்னைக் கேட்காதே. அதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் கிடையாது.

பன்றி இல்லாத நொதி இருக்கிறதா என்று கேட்டேன். பூஞ்சையிலிருந்து எடுப்பது கிடைக்கிறதாம். ஆனால் வீரியம் குறைவு, இவர் இருக்கும் நிலைக்கு அதை நம்பிக் கொடுக்க மாட்டேன் என்கிறார்.

இப்போதைக்கு ஊசியைப் பாதியாகக் குறைக்கச் சொல்கிறார். அதைக் குறைக்க மச்சானுக்குக் காரணம் தெரியவேண்டும். காரணத்தைச் சொன்னால் கஞ்சியையும் சொல்லவேண்டும். இரண்டையும் மறைத்து அவரை நத்தம் சாலையில் நடக்க விட முடியாது. நீ சொல்லிவிடு. உன்னால் முடியாவிட்டால் நான் வந்து சொல்கிறேன். பந்தியில் சொன்ன மாதிரி இல்லாமல், தனியாக.

சேவுகப்பெருமாள்


கீழச்சிவல்பட்டி
21 ஜனவரி

சேவுகு,

சொல்லிவிட்டேன். நீ வந்து சொல்லியிருந்தால் அவர் உன்னை அடித்திருப்பார். எனக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

காலையில் கஞ்சியைக் கொண்டுபோய் வைத்தேன். கை வைக்கப் போனவரிடம், "இதுல ஒண்ணுமில்ல, குடிங்க" என்று உளறிவிட்டேன். "இதுல ஒண்ணுமில்லன்னா, எதுல இருந்துச்சு?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். நீ எழுதிய முட்டைக் கதையையும் சொன்னேன். முடிந்த பிறகு கும்பாவை மெல்ல என் பக்கம் தள்ளினார்.

"ஒந்தம்பி எம் மூஞ்சிக்கு நேரா சொன்னான். நீ சோத்துக்குள்ள வச்ச."

அவ்வளவுதான். அப்போதிருந்து என் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்கவில்லை. மருது வீட்டிலிருந்து இட்லி வருகிறது. ராத்திரி பஜனை மடத்தில் போடுகிற சோறு. அதுவும் செரிக்கப் போவதில்லை. ஊசியைக் குறைக்கச் சொன்னேன். "இதயும் ஒந்தம்பிதான் சொன்னானா?" என்றார். குறைத்தாரா இல்லையா என்று தெரியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போட்டுக்கொள்கிறார்.

இன்னும் நாலு நாளில் கிளம்புகிறார். என்னைக் குன்றக்குடிக்கு வழியனுப்பக்கூட வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். நேற்று ராத்திரி அவர் மூச்சு விடுகிறாரா என்று எழுந்து எழுந்து பார்த்தேன். கன்னம் உள்ளே போய், பல் வரிசை வெளியே தெரிகிறது. என் பக்கத்தில் படுத்திருப்பவரைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

உனக்கு வேலை இருக்கும். ஆனாலும் கேட்கிறேன். அவர் பின்னாலேயே போவாயா?

ரேணுகா


மதுரை
23 ஜனவரி

அக்கா,

போகிறேன். பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். குளுக்கோஸ், சர்க்கரை பார்க்கிற மெஷின், ஒரு டப்பா கேப்சூல் எடுத்துக்கொண்டேன். கேப்சூலை அவருக்குத் தெரியாமல் எதிலும் போட மாட்டேன்.

சேவுகப்பெருமாள்


திண்டுக்கல்
29 ஜனவரி

ரேணுகா அக்காவுக்கு,

மச்சான் உயிரோடு இருக்கிறார். இன்று காலை ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் சொன்னது: சர்க்கரை இரண்டு நாளாக நிலையாக இருக்கிறது, நினைவு தெளிவாக இருக்கிறது, எடை நாற்பத்து மூன்று. பள்ளிக்கூட டீச்சர் போனில் நான் சொன்ன நான்கு வரியில் உனக்கு ஒன்றும் புரிந்திருக்காது. நடந்ததை எழுதி, பாதயாத்திரைக் கூட்டத்தோடு வந்து ஊருக்குத் திரும்பும் தண்ணீர் வண்டியில் கொடுத்தனுப்புகிறேன்.

குன்றக்குடியிலிருந்து கூட்டத்துக்குப் பின்னால்தான் நடந்தேன். முதல் நாள் அவர் என்னைப் பார்க்கவில்லை, அல்லது பார்க்காத மாதிரி இருந்தார். சிங்கம்புணரியில் தண்ணீர்ப் பந்தலில் நேருக்கு நேர் வந்துவிட்டோம்.

"என்ன பேப்பர்க்காரரே, நான் விழுகுறத எழுத வந்தீகளா?" என்றார்.

"விழுந்தாத் தூக்க வந்தேன் மச்சான்."

"மாலையும் போடல, செருப்பும் கழட்டல. ஒமக்கெல்லாம் பழனி எந்தப் பக்கம்னு தெரியுமா?"

மருது சிரித்துவிட்டான். நான் செருப்பைக் கழற்றித் தண்ணீர் வண்டியில் போட்டேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை. ஆனால் போகச் சொல்லவும் இல்லை.

இருபத்தேழாம் தேதி, நத்தம் தாண்டி. காலை பத்து மணி இருக்கும். அவர் நேராக நடந்துகொண்டிருந்தவர், சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார். லாரி வந்துகொண்டிருந்தது. மருது கையைப் பிடித்து இழுத்தான். "ரேணுகா கூப்புடுறா, விடுரா" என்றார். சட்டை நனைந்திருந்தது. அப்புறம் கால் மடங்கி உட்கார்ந்து, சாய்ந்துவிட்டார். பல் கிட்டிப்போயிற்று. மெஷினில் சர்க்கரை முப்பத்தெட்டு காட்டியது, எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. குளுக்கோஸைக் குழைத்து ஈறில் தேய்த்தேன். உள்ளே போகிறதா, கடைவாயில் வழிகிறதா என்று தெரியவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை கூட்டத்தில் யாரும் வேல் வேல் என்று சொல்லவில்லை.

ஊசியை அவர் குறைக்கவில்லை. கேட்டுவிட்டேன். "குறைச்சா, நீங்க சொன்னத ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்ல" என்றார்.

இங்கே வந்த அன்று மாலை அவருக்கு நினைவு திரும்பியதும் முதலில் கழுத்தைத் தடவிப் பார்த்தார். மாலை இருந்தது. நான் பையிலிருந்த டப்பாவை எடுத்து, அவர் பார்க்கும்படி மேஜைமேல் வைத்தேன். அவர் அதை எடுத்துவிடச் சொல்லவில்லை. அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, பிரிக்காமல்.

நேற்று மருது கூட்டத்தோடு புறப்படும் முன் வந்தான். மச்சான் தான் தூக்கி வந்த காவடியை அவனிடம் ஒப்படைத்தார். "இது நடக்கட்டும். பூசத்தன்னைக்கு மத்தியானம் நீ செலுத்திட்டேன்னு தகவல் சொன்னப்புறந்தான் நான் மாலையக் கழட்டுவேன்." மருது அழுதுவிட்டான். "அதுவரைக்கும் தாங்குவீகளாண்ணே?" என்று கேட்டான். அதே கேள்வியை நான் டாக்டரிடம் கேட்டேன். ஊசியைக் குறைத்து, குளுக்கோஸ் ஏற்றிப் பார்த்துக்கொள்கிறோம், தாங்குவார் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் உறுதி கொடுக்க மாட்டேன் என்றார்.

இன்று விடியும்போது அவராகவே பேச்சுக் கொடுத்தார். "ஏப்பா, கொதிக்க வச்சா செத்துப்போகுமா அது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப அவ எனக்குக் குடுத்தது வெறுங் கஞ்சிதான்" என்றார். அதில் கோபம் இருந்ததா, ஆறுதல் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததை எழுத மாட்டேன்.

பிறகு அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: "ஞாயித்துக்கிழம ரேணுகாவ வரச் சொல்லு. சோறும் ரசமும் கொண்டாரட்டும். எதுலயும் எதுவுங் கலக்கப்படாது. அந்த மாத்திரய எலையில தனியா வைக்கணும், நான் பாக்குற மாதிரி."

வைத்தால் விழுங்குவேன் என்று அவர் சொல்லவில்லை. நான் இரண்டு முறை கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பிப்ரவரி ஒன்று, பூசம். மருதுவின் போன் மத்தியானம் ஒரு மணிக்குள் வரும் என்று எதிர்பார்க்கிறோம். அதற்கு முன்னால் நீ இலையோடு வந்துவிடு. டப்பாவை நான் தொட மாட்டேன். பிரிப்பது உன் கையாக இருக்கட்டும். அவர் எடுக்கிறாரா, இலையை உன் பக்கம் தள்ளுகிறாரா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும்.

சேவுகப்பெருமாள்